பாரிஸில் தனியாக இருப்பவர்களின் சனி, ஞாயிறு: பேக்கரி உலா போகலாமா?

நெல்லைக்காரி | செவ்வாய், இரவு 9.10

போன வாரம் இன்னொரு இழையில் ஒரு தம்பி, "சனி ஞாயிறு முழுக்க அறைக்குள்ளேயே கிடக்கிறேன், திங்கட்கிழமை பேச வாயைத் திறந்தால் குரல் வரமாட்டேன் என்கிறது" என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுதத் தொடங்கியது நீண்டுகொண்டே போனதால் தனி இழையாகப் போடுகிறேன்.

எனக்கு வார இறுதி என்றால் பேக்கரிதான். 11ஆம் வட்டாரத்தில் ஓர் அறை, ஓர் அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ். வாரம் முழுக்கச் சமைத்துச் சலித்துவிடுவதால் சனிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு கிளம்பிவிடுவேன். ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஒரு நடைக்கு ஒரே பண்டம். இன்று குரோசான் (வெண்ணெயை மாவில் மடித்து அடுக்கடுக்காகச் சுடுவது) என்று முடிவு செய்தால் போகிற கடையெல்லாம் குரோசான் மட்டும். பக்கத்துத் தட்டில் ஸ்ட்ராபெர்ரி டார்ட் எவ்வளவு கண்ணைப் பறித்தாலும் அது அடுத்த வாரத்துக்கு.

இந்த விதி ஏன் என்றால், ஒரு கடையில் எக்லேர், அடுத்த கடையில் டார்ட், அப்புறம் மக்கரோன் என்று தின்றால் மாலையில் "எல்லாம் நல்லா இருந்தது" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரே பண்டத்தைக் கடைக்குக் கடை தின்னும்போதுதான் வித்தியாசம் பிடிபடும். இந்தக் கடை வெண்ணெயில் லேசான புளிப்பு இருக்கிறது, அந்தக் கடைக்காரர் உப்புப் போடத் தயங்குவதில்லை, இன்னொரு கடையில் அடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். நாலு பேர் சேர்ந்து போனால் இதற்குப் பொறுமை இருக்காது. ஒருவருக்குக் கால் வலிக்கும், இன்னொருவருக்குக் காபி குடிக்க உட்கார வேண்டும். தனியாக இருப்பவருக்கு இந்த ஊர் தருகிற பெரிய வசதி இது என்று நினைக்கிறேன்.

முதல்முறை போகிறவர்களுக்கு இரண்டு தெருக்களைச் சொல்வேன். ஒன்று ரூ மோந்தொர்கெய். அங்கே 51ஆம் எண்ணில் ஸ்டோரெர் இருக்கிறது. 1730இல் திறந்த கடை; பாரிஸில் இன்றும் நடக்கிற பத்திசெரிகளில் (கேக், இனிப்புக் கடைகளில்) மிகப் பழையது என்று சொல்வார்கள். போலந்து இளவரசி மரி லெஸ்சின்ஸ்கா 1725இல் பதினைந்தாம் லூயியை மணந்து வந்தபோது அவருடைய பரிவாரத்தில் வந்த பலகாரக்காரர் நிக்கொலா ஸ்டோரெர். ஐந்து வருடம் அரண்மனையில் இருந்துவிட்டு நகரத்தில் சொந்தக் கடை போட்டார். ரம் பாபாதான் அந்தக் கடையின் பெருமை. இளவரசியின் அப்பா ஸ்டானிஸ்லாஸுக்குக் காய்ந்துபோன கேக் இறங்காமல் மதுவில் நனைத்துக் கொடுக்கச் சொன்னார், அதிலிருந்து வந்தது பாபா என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பண்டம் உண்மையானது. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவைச் சுட்டு, நம் ஊர் ஜாங்கிரி பாகு குடிப்பதுபோல ரம் கலந்த பாகைக் குடிக்கவைக்கிறார்கள். கடித்தால் பாகு வழிய வேண்டும், ஆனால் மாவு கூழாகிவிடக் கூடாது. அந்த அளவு எல்லாக் கடையிலும் அமைவதில்லை.

இன்னொன்று ரூ தே மார்த்தீர். கீழ்முனையிலிருந்து மோன்மார்த்ர் மேடு வரைக்கும் ஏறுகிற தெரு. இருபுறமும் பூலான்ஜெரி (பிரெட் கடை), பத்திசெரி, சாக்லேட் கடை, பாலாடைக்கட்டிக் கடை. 22ஆம் எண்ணில் செபஸ்தியான் கொதார் கடை. பாரி-பிரெஸ்த், மோன்-பிளான் மாதிரி பழைய வகைகளைப் பழைய முறையிலேயே செய்கிறார்கள். ஞாயிறு காலை பத்து, பத்தரைக்குப் போனால் மதிய விருந்துக்குக் குடும்பங்கள் பலகாரப் பெட்டி வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அந்த வரிசையில் நிற்கவே எனக்குப் பிடிக்கும். முன்னால் நிற்கிற பாட்டி எதை வாங்குகிறார், எதைத் தொடாமல் விடுகிறார் என்று கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. எல்லாரும் படம் போடுகிற 'து பான் எ தெஸ் இதே' பேக்கரி சனி ஞாயிறு மூடியிருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரைதான். அதற்கென்று ஒரு வெள்ளிக்கிழமை காலை, அலுவலகம் போகும் முன் சென்-மார்த்தான் கால்வாய்ப் பக்கம் போய்விடுங்கள். பிஸ்தாவும் சாக்லேட்டும் வைத்து நத்தை மாதிரி சுருட்டிய எஸ்கர்கோவை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நடைகளையும் எழுதுங்கள்.


பாண்டிபஜார் | செவ்வாய், இரவு 10.25

தோழி, நல்ல பதிவு. ஆனால் ஒரே காலையில் நாலைந்து குரோசான் என்பது வெண்ணெய்க் கணக்கில் கொஞ்சம் பயமாக இருக்கிறது. செலவும் இருக்கிறதே. படிக்கிற பிள்ளைகளும் இந்த இழையைப் படிக்கிறார்கள்.


நெல்லைக்காரி | செவ்வாய், இரவு 10.50

முழுதாகத் தின்ன வேண்டாமே. ஒரு முனையைக் கடித்து, நடுவில் பிய்த்து உள்ளே பார்த்து, இரண்டு வாய் தின்றுவிட்டு மீதியைப் பையில் போட்டுக்கொள்வேன். முனை மொறுமொறுவென்று இருக்கும், நடுப்பகுதி மெத்தென்று இருக்கும், இரண்டையும் ருசிக்க அவ்வளவு போதும். மிச்சத்தை மறுநாள் ஓவனில் 150 டிகிரியில் சில நிமிடம் வைத்தால் உயிர் வந்துவிடும். மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், ரப்பராகிவிடும்.

விலையும் நினைப்பது போல இல்லை. அக்கம்பக்கத்துக் கடையில் குரோசான் ஒன்றேகால், ஒன்றரை யூரோ. ஒரு சினிமா டிக்கெட் காசில் ஒரு காலை முழுக்க ஊரைச் சுற்றி வந்துவிடலாம். மாதப் பாஸ் இருந்தால் மெட்ரோவுக்குத் தனியாகச் செலவில்லை.

மிச்சக் குரோசானுக்குக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த வழியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாதாம் குரோசான் பிறந்ததே அப்படித்தான். முந்தின நாள் விற்காததைப் பிளந்து, பாகில் நனைத்து, பாதாம் கிரீம் வைத்து, மேலே சீவிய பாதாம் தூவி மறுபடி சுடுகிறார்கள். அதனால் நல்ல பாதாம் குரோசான் கொஞ்சம் சப்பையாக, கனமாகத்தான் இருக்கும்.


பாண்கார அண்ணை | புதன், அதிகாலை 2.15

வேலைக்குப் போகும் வழியில் வாசித்தேன். நான் பாரிஸுக்கு வெளியே ஒரு வெதுப்பகத்தில் மாப்பகுதியில் நிற்கிறேன், கன காலமாக. தங்கச்சி எழுதியது எல்லாம் சரி. ஆனால் இந்த நடைக்கு முன்னம் ஒரு விசயம் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற குரோசான் அந்தக் கடையில் செய்ததா, பெட்டியில் உறைந்து வந்து சுட்டதா என்பதுதான் அது.

பாணுக்கு, அதாவது பிரெட்டுக்கு, சட்டம் இருக்கிறது. 1993இல் வந்த ஆணைப்படி நீளப் பாணை 'பாகெத் டிரடிசியோன்' என்று விற்றால் அதன் மாவை உறையவைக்கக் கூடாது, சேர்மானப் பொருள் போடக் கூடாது. 1998 சட்டப்படி, மாவைப் பிசைந்து, உருட்டி, சுடுவது எல்லாம் அந்த இடத்திலேயே நடந்தால்தான் வாசலில் 'பூலான்ஜெரி' என்று பலகை போடலாம். ஆனால் இது பாணுக்கு மட்டும். குரோசானுக்கும் சாக்லேட் வைத்த பான் ஓ ஷொகொலாவுக்கும் அப்படி ஒரு காவலும் இல்லை. அதனால் பாணைத் தாங்களே வடிவாகச் செய்கிற கடைகள் கூட குரோசானை ஆலையிலிருந்து எடுப்பது உண்டு. வாடிக்கையாளருக்குப் பலகையைப் பார்த்து அது தெரியாது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். குரோசான் இரண்டு நாள் வேலை. முதல் நாள் மாவைப் பிசைந்து குளிரில் வைக்க வேண்டும். அடுத்த நாள் வெண்ணெயைத் தட்டையாக அடித்து மாவுக்குள் மூடி, உருட்டி, மூன்றாக மடித்து, குளிரில் ஆறவைத்து, திரும்ப உருட்ட வேண்டும். மூன்று தரம் மூன்றாக மடித்தால் 27 வெண்ணெய் அடுக்கு. வெண்ணெய் கூடக் குளிர்ந்தால் உடைந்து துண்டு துண்டாகும், கூட இளகினால் மாவோடு கலந்துவிடும். மாவும் வெண்ணெயும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும், அதுதான் இந்த வேலையின் சூட்சுமம். சாதாரண வெண்ணெயில் கொழுப்பு 82 வீதம். நாங்கள் மடிப்புக்கு எடுப்பது 84 வீதம், தண்ணீர் குறைவு, வளைந்து கொடுக்கும். பேந்து பொங்கவிடுகிற சூடு 26, 27 பாகை. முப்பதைத் தொட்டால் வெண்ணெய் உருகி ஓடிவிடும், சுட்டால் அடுக்கே இராது. கோடை காலத்தில் இதுக்காகவே நாங்கள் படுகிற பாடு கொஞ்சமில்லை. இவ்வளவையும் செய்து ஒன்றேகால் யூரோவுக்கு விற்க ஆள்கூலி கட்டாது என்று கன முதலாளிமார் கையை எடுத்துவிட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கலாம்? எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, ஒரே அளவு, ஒரே நிறம் என்றால் யோசியுங்கள். கையால் செய்தால் ஒன்று கொஞ்சம் பருத்திருக்கும், ஒன்று கொஞ்சம் சரிந்திருக்கும். பிய்த்தால் உள்ளே பெரிய அறைகள் சுருண்டு போகும், இழுத்தால் இழுபடும். ஆலைக் குரோசான் வெளியே சருகாக உதிரும், உள்ளே சின்னச் சின்ன ஓட்டையாகவும் வறண்டும் இருக்கும். சின்னஞ்சிறு கடையில் இருபது வகை அடுக்கி வைத்திருந்தாலும் யோசியுங்கள். கடைசியாக, நேராகவே கேட்கலாம்: "ஃபே மேஸோன்?" (இங்கேயே செய்ததா?) தானே செய்தவர் முகம் மலர்ந்து ஆம் என்பார்.

வளைந்த குரோசான், நேர் குரோசான் என்று இரண்டு பார்த்திருப்பீர்கள். வழமையாக நேராக இருந்தால் முழு வெண்ணெய், வளைந்திருந்தால் மார்கரின் கலந்தது. இது வழக்கம்தான், சட்டம் இல்லை. 'ஓ பெர்' (வெண்ணெயில் செய்தது) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.


குளிர்காலக் காகம் | புதன், காலை 8.05

அண்ணா, இந்த ஒரு பதிவுக்காகவே இழையைச் சேமித்து வைக்கிறேன். ஒரு சந்தேகம்: தானே செய்து தானே உறையவைக்கிற கடைகள் இருக்கின்றனவா?


பாண்கார அண்ணை | புதன், பகல் 1.30

இருக்கின்றன. வார நடுவில் மடித்து, வெட்டி, சுருட்டி, பச்சையாக உறையவைத்து, சனி ஞாயிறு கூட்டத்துக்குச் சுடுவார்கள். அதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். கை அவருடையது, வெண்ணெய் அவர் தெரிந்து வாங்கியது. அன்றன்று மடித்ததற்கும் அதற்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, ஆனால் ஆலைச் சாமானுக்கும் அதற்கும் உள்ள தூரம் பெரிது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் பாரிஸ் நகரின் சிறந்த பாகெத் பரிசு நம்மட தர்ஷன் செல்வராஜாவுக்குக் கிடைத்தது. இலங்கையிலிருந்து 2006இல் வந்தவர். 20ஆம் வட்டாரம், ரூ தே பிரெனே, கடை 'ஓ லெவான் தே பிரெனே'. 1994 தொடக்கம் நகரசபை நடத்துகிற போட்டி அது. நீளம், நிறை, உப்பு எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. உப்பு கிலோ மாவுக்கு 18 கிராம். யாருடைய பாண் என்று நடுவர்களுக்குத் தெரியாது. பரிசு 4000 யூரோ, அதோடு ஒரு வருசம் எலிசே மாளிகைக்கு, ஜனாதிபதியின் மேசைக்கு, பாகெத் கொடுக்கிற பெருமை. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் மாப்பகுதியில் நின்ற பெடியள் எல்லாம் கை தட்டினார்கள். பாகெத் செய்கிற கைவினையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது 2022 நவம்பரில். அடுத்த வசந்தத்திலேயே ஒரு தமிழன் அந்தப் பரிசை எடுத்தான். தங்கச்சி, உங்கள் நடையில் அந்தக் கடைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.


நெல்லைக்காரி | புதன், இரவு 7.45

அண்ணா, கண்டிப்பாக. பாகெத்துக்கு என்று ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிவிட்டேன். தர்ஷன் கடையிலிருந்து தொடங்கி 11ஆம் வட்டாரத்து உத்தோபி பேக்கரியில் முடிக்கலாம், 2024 பரிசு அப்போது அங்கே வேலை செய்த சவியே நெத்ரிக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் இடையில் நடந்தே போய்விடலாம்.


மயிலாப்பூர் மாலதி | புதன், இரவு 8.20

நான் முட்டை சாப்பிட மாட்டேன். முனைவர் படிப்புக்கு வந்திருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற நிலைமைதான். எனக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.


பாண்கார அண்ணை | வியாழன், பகல் 2.05

பிள்ளை, பாண் வகை முழுக்க உங்களுக்குத்தான். டிரடிசியோனில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, அவ்வளவுதான். புவாலான் கடை கேள்விப்பட்டிருப்பீர்கள், ரூ து ஷெர்ஷ்-மிதியில் 1932 தொடக்கம் நடக்கிறது. இரண்டு கிலோவுக்குக் கிட்ட வருகிற பெரிய வட்டப் பாண், புளித்த மாவில் செய்து விறகு அடுப்பில் சுட்டது. முழுதாக வாங்க வேண்டியதில்லை, கால் பங்கு வெட்டித் தருவார்கள். துணியில் சுற்றி வைத்தால் நாள்கணக்கில் கிடக்கும். தனி ஆளுக்கு அதைவிட நல்ல பாண் இல்லை.

இனிப்பில் பல்மியே பாருங்கள். அடுக்கு மாவையும் சீனியையும் சுருட்டிச் சுடுவது, பெரும்பாலும் முட்டை படாது. குரோசான், ஆப்பிள் வைத்த ஷொசோன் ஓ பொம் இரண்டுக்கும் மேலே மினுக்கத்துக்கு முட்டை பூசுவார்கள். எக்லேர், ஷூ (உள்ளே கூடாகப் பொங்கும் மாவுப் பண்டம்), கிரீம் வைத்த எல்லாம் முட்டைதான். "சான் ஸஃப்?" (முட்டை இல்லாததா?) என்று கேளுங்கள். ஐரோப்பிய விதிப்படி ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்களைக் கடை எழுதிவைத்திருக்க வேண்டும், முட்டை அதில் ஒன்று, அதனால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லலாம். ஜெலட்டின் அந்தப் பட்டியலில் இல்லை. முஸ் (நுரைத்த கிரீம்) வைத்த கேக்குகளில் மாட்டு அல்லது பன்றி ஜெலட்டின் இருக்கக்கூடும், அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.


மயிலாப்பூர் மாலதி | வியாழன், இரவு 9.00

ரொம்ப நன்றி அண்ணா. ஜெலட்டின் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சனிக்கிழமை பல்மியே நடை.


வியன்னா வாசு | வியாழன், இரவு 9.40

ஆஸ்திரியாவிலிருந்து ஒரு குறுக்கீடு. குரோசான் எங்கள் ஊரிலிருந்து போனது என்பதைப் பதிவு செய்கிறேன். 1683இல் துருக்கியர் முற்றுகை தோற்றபோது பிறை வடிவில் சுட்டார்கள், மரி அந்த்வானெத் அதைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார் என்று சுற்றுலாக்காரர்களிடம் தினமும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. ஆதாரத்தோடு இருப்பது ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர். 1830களின் கடைசியில் பாரிஸில் ரூ த ரிஷெல்யூ 92ஆம் எண்ணில் வியன்னா பேக்கரி என்று கடை திறந்து, எங்கள் ஊர்ப் பிறை வடிவக் கிப்ஃபெர்லை அங்கே விற்றார். பாரிஸ்காரர்கள் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். இன்றும் அந்த வகைப் பண்டங்களுக்கு அங்கே வியனுவாசெரி (வியன்னாப் பண்டம்) என்றுதான் பெயர். சாங் கொஞ்ச காலத்தில் வியன்னா திரும்பி 1848இல் 'டி பிரெஸ்ஸே' என்ற செய்தித்தாளைத் தொடங்கி அதில் பெரிய பணக்காரர் ஆனார். ஆனால் வெண்ணெயை மடித்து அடுக்கடுக்காக ஆக்கியது பிரெஞ்சுக்காரர்களின் வேலைதான், அது 20ஆம் நூற்றாண்டு விஷயம். எங்கள் கிப்ஃபெர்ல் இன்றும் மெத்தென்ற பன் மாதிரிதான் இருக்கிறது.


பாண்டிபஜார் | வெள்ளி, காலை 7.30

மரி அந்த்வானெத் கதையை என் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தேன். இன்று மாற்றிச் சொல்ல வேண்டும்.

நெல்லைக்காரியின் "ஒரு நடைக்கு ஒரே பண்டம்" விதியோடு எனக்கு ஒரு மாறுபாடு. பண்டத்தைப் பார்த்துப் போவதைவிட மாதத்தைப் பார்த்துப் போக வேண்டும். நல்ல பத்திசெரியில் ஜனவரியில் ஸ்ட்ராபெர்ரி டார்ட் இருக்காது. மே மாதம் வந்தால்தான் ஸ்ட்ராபெர்ரி, கோடையில் ஆப்ரிகாட், மிராபெல், இலையுதிர் காலத்தில் கஷ்கொட்டைக் கூழ் போட்ட மோன்-பிளான், டிசம்பரில் கட்டை வடிவக் கிறிஸ்துமஸ் கேக். வருடம் முழுக்க எல்லாப் பழமும் வைத்திருக்கிற கடையில் எதையும் வாங்காதீர்கள் என்பது என் கட்சி.

அப்புறம் ஜனவரியின் கலெத் தே ருவா. அடுக்கு மாவு இரண்டு வட்டம், நடுவில் பாதாம் கிரீம், உள்ளே ஒரு குட்டிப் பீங்கான் பொம்மை. ஜனவரி 6ஆம் தேதியை ஒட்டி மாதம் முழுக்க விற்கும். வெட்டும்போது வீட்டில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, இந்தத் துண்டு யாருக்கு, அந்தத் துண்டு யாருக்கு என்று சொல்லும். பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். நான் குடும்பம் வருவதற்கு முன் தனியாக இருந்த குளிர்காலத்தில் அதை ஜன்னலில் பார்க்கும்போதெல்லாம் கஷ்டமாக இருக்கும். ஒருவருக்கான குட்டிக் கலெத்தும் விற்கிறார்கள்தான், அதிலும் பொம்மை இருக்கும். ஆனால் அது நிச்சயமாக உங்களுக்குத்தான் என்று தெரிந்த பிறகு வெட்டுவதில் என்ன இருக்கிறது? நான் ஆறு பேருக்கான கலெத்தை வாங்கி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அதற்குமுன் 'போன்ஜூர்' தவிர ஒன்றும் பேசாத பக்கத்து மேசைக்காரர், வயதில் இளையவர் என்பதால் உண்மையாகவே மேசைக்கு அடியில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் அவர் ஒன்று வாங்கிவந்தார், கிரீடம் கிடைத்தவர் அடுத்ததை வாங்க வேண்டும் என்பது அலுவலக வழக்கமாம். தனியாக இருப்பவர்கள் ஜனவரிக்குக் காத்திருங்கள்.


நெல்லைக்காரி | வெள்ளி, காலை 8.10

மாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதை முழுக்க ஏற்கிறேன். மாதம் பண்டத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், அந்தப் பண்டத்தோடு நான் கடை கடையாக ஏறுகிறேன். மே மாதம் முழுக்க ஸ்ட்ராபெர்ரி டார்ட் என்றால் எனக்குச் சம்மதமே.


சீன்நதிக்கரை | வெள்ளி, பகல் 12.40

இந்த இழைக்குக் காரணமான தம்பி நான்தான் அக்கா. எல்லாவற்றையும் படித்தேன். என் தயக்கம் வேறு. வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கும்போது என் பிரெஞ்சு வாயில் சிக்கிக்கொள்கிறது. விரலைக் காட்டி வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுகிறேன். அதனாலேயே சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் பிரெட் வாங்குகிறேன். இன்னொன்று, படத்தில் பார்த்துவிட்டு ஒரு பிரபலமான கடைக்குப் போய் வெகுநேரம் வரிசையில் நின்றேன். பழத்தைப் போலவே செதுக்கிய கேக். ஒரு வார மளிகைச் செலவு அதில் போனது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வாசலில் நின்று தின்றபோது யாரிடமும் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.


லாச்சப்பல் ரஞ்சி | வெள்ளி, பகல் 3.15

தம்பி, அந்தக் கடைகளை விடுங்கோ. நான் இங்கே வந்த புதிதில் ஒரு வார்த்தை தெரியாமல்தான் இருந்தேன். பிரெஞ்சு கதைக்கப் பழகியதே பாண் கடையில்தான். வகுப்பில் ஆசிரியர் உங்களுக்காக மெதுவாகக் கதைப்பார், பாண் கடையில் அப்படி இல்லை, ஆனால் கேட்கிறது நாலே வசனம். அதே நாலு வசனம் தினமும் வரும்.

உள்ளே காலை வைத்ததும் "போன்ஜூர்" சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விரல் காட்டினால்தான் முகம் சுளிப்பார்கள், உங்கள் உச்சரிப்புக்காக இல்லை. பிறகு "யூன் டிரடிசியோன், சில் வூ ப்ளே." நன்றாக முறுகலாக வேண்டுமென்றால் "பியான் குயித்", மெத்தென்று வேண்டுமென்றால் "பா த்ரோ குயித்". தனி ஆளுக்கு முழுப் பாகெத் கூடிப்போகும், "யூன் தமி" என்றால் பாதியை வெட்டித் தருவார்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை, இங்கே வயது போன ஆட்கள் எல்லாம் பாதிதான் வாங்குகிறார்கள். "அவெக் ஸஸி?" என்று கேட்டால் வேறு என்ன வேண்டும் என்று அர்த்தம். "ஸே து, மெர்சி" என்றால் முடிந்தது. போகும்போது "பொன் ஜூர்னே". அவ்வளவுதான்.

ஒரே கடைக்கு ஒரே நேரத்துக்குப் போங்கோ. கொஞ்ச நாளில் நீங்கள் வாய் திறக்க முன்னமே பாதிப் பாகெத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். நெல்லைக்காரி சொல்கிற நடை நல்லதுதான், ஆனால் தனியாக இருக்கிற பிள்ளைக்கு முதலில் ஒரு கடை வேண்டும், பிறகு ஊர் முழுக்கச் சுற்றலாம்.

இனிப்புத் தின்று வாய் கூசினால் லா சப்பல் பக்கம் வாங்கோ. ஃபோபூர் சென்-தெனி தெருவில் மீன் ரோல்ஸ் தின்று ஒரு பிளேன்ரீயும் (பால் விடாத தேத்தண்ணி) குடித்துவிட்டுப் போகலாம்.


நெல்லைக்காரி | வெள்ளி, மாலை 6.30

ரஞ்சி அக்கா, முதலில் ஒரு கடை என்பது நான் எழுதாமல் விட்ட பெரிய விஷயம். என் தெருமுனைக் கடைக்கார அம்மா, நான் சனிக்கிழமை வேறு கடைப் பையோடு வருவதைப் பார்த்து எங்கே போனேன் என்று விசாரிப்பார். அங்கே வெண்ணெய் எப்படி, விலை என்ன என்று கேட்பார். நான் சொல்வதை அவர் கணவர் உள்ளேயிருந்து வந்து கேட்டுவிட்டுப் போவார். அவர்கள் தெருவைத் தாண்டி வெகுநாள் ஆகிறதாம், கடையை விட்டு நகர முடிவதில்லை. என் பிரெஞ்சில் பாதி அந்தக் கவுண்ட்டரில் வளர்ந்தது.

சீன்நதிக்கரைத் தம்பி, செதுக்கிய பழக் கேக்கில் கைத்திறன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வருடத்துக்கு ஒருமுறை, யாராவது உடன் இருக்கும்போது. தொடங்குவதற்கு பாரி-பிரெஸ்த் சொல்வேன். 1910இல் மேஸோன்-லஃபீத் ஊரில் லூயி துரான் என்ற பலகாரக்காரர், பாரிஸிலிருந்து பிரெஸ்துக்குப் போய்த் திரும்புகிற சைக்கிள் பந்தயத்தைக் கொண்டாடச் செய்தது. பந்தயம் 1891இல் தொடங்கியது. சைக்கிள் சக்கரம் மாதிரி வளையமாக ஷூ மாவு, நடுவில் ஹேசல்நட் பிரலீன் கிரீம், மேலே பாதாம். அதில் ஒளிக்க இடமே இல்லை. மாவு நமுத்தால் உடனே தெரியும், பிரலீனை வறுக்காமல் விட்டால் உடனே தெரியும், சர்க்கரை கூடினாலும் தெரியும். ஒரு கடையின் தரத்தை அறிய எனக்கு அதுதான் அளவுகோல். துரான் கடை இன்னும் அதே ஊரில் இருக்கிறது, ஆர்இஆர் ஏ புறநகர் ரயிலில் போய்விடலாம். அதை இன்னொரு ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஞாயிறு நான் ரூ தே மார்த்தீர் போகிறேன். நீங்களும் வாருங்கள். நான் பேசமாட்டேன், நீங்கள்தான் வாங்க வேண்டும்.


சீன்நதிக்கரை | வெள்ளி, மாலை 6.55

வருகிறேன் அக்கா. "பியான் குயித்" சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


மயிலாப்பூர் மாலதி | வெள்ளி, இரவு 7.20

நானும் வரலாமா? எனக்குப் பல்மியே, உங்களுக்குப் பாரி-பிரெஸ்த். சனிக்கிழமை தனியாகப் போவதற்குப் பதில் ஞாயிறு சேர்ந்துகொள்கிறேன்.


பாண்கார அண்ணை | வெள்ளி, இரவு 8.00

ஞாயிறு எனக்கு வேலை, பகல் ஒரு மணிக்கு விடுவார்கள். பிள்ளைகள் போய்ச் சாப்பிட்டு, எந்தக் கடையில் அடுக்கு எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள். உள்ளே பிய்த்த படமும் போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.


நெல்லைக்காரி | வெள்ளி, இரவு 8.15

சரி. ஞாயிறு காலை பத்து மணி, 12ஆம் லைனில் நோத்ர்-தாம்-த-லொரெத் மெட்ரோ வாசல். காலை உணவு சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். ஒரு சின்னக் கத்தியும் காகிதத் தட்டும் நான் கொண்டுவருகிறேன், ஒன்றை வாங்கி மூன்றாக வெட்டலாம், அப்போது இன்னும் நிறைய கடை பார்க்கலாம். மாலதிக்கு எந்தக் கடையில் முட்டை இல்லாதது இருக்கிறது என்று நாளைக்கே கேட்டு வைக்கிறேன்.